அதட்டினால் மட்டும் வேலை நடக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊழியர்களிடம் வேலை வாங்குவது என்றாலே அதட்டுவதுதான் என்று நினைக்கும் மேலாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் ஆர்வமாக உழைக்க வைப்பது சாதனை, அங்கீகாரம், பொறுப்பு போன்றவைதான் என்று உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதிவிட்டார். சும்மா 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போனால் மனதில் ஒட்டாது. 'வாடிக்கையாளர் கத்தியபோதும் பொறுமையாகக் கேட்டு, பில்லில் இருந்த தவறைக் கண்டுபிடித்தீர்களே, நல்ல வேலை' என்று நடந்ததைச் சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால், அன்றைக்கே. தவறு என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அப்புறம், பொறுப்பைக் கொடுத்தால் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அனுமதி கேட்கச் சொன்னால் யாருக்குமே வேலையில் பிடிப்பு விட்டுப்போகும். ஒருவரை மேலாளராக்கும் முன் இதற்கெல்லாம் நிறுவனங்கள் முறையாகப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்