குவாரிக்குள் போனதும் பெல்ட் ஏன் கழன்றுவிடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'கல்குவாரியில் டிப்பர் கவிழ்ந்து ஓட்டுநர் பலி' என்ற செய்தியை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறேன். இறந்தவரின் ஊர், வயது, எத்தனை பிள்ளைகள், எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு என்று எல்லாம் இருக்கும். அவர் சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. கார் விபத்து என்றால் தவறாமல் எழுதுகிறீர்கள். 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது பின்சீட் பெல்ட்டைப் பற்றி நாடே பேசியது. டிப்பர் ஓட்டுநர் விஷயத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

சங்ககிரியில் லாரிகளுக்குச் சீட் தைக்கும் பட்டறை நடத்துகிறேன். குஷன் மாற்ற, ரெக்ஸின் கவர் போட என்று வரும் குவாரி வண்டிகளின் கேபினுக்குள்தான் என் பொழுது போகிறது. பெல்ட்டை நான் பெரும்பாலும் பார்ப்பது சீட்டுக்குப் பின்னால் சுற்றி மாட்டிய நிலையில், அல்லது கவருக்கு அடியில் புதைந்த நிலையில். சிலர் அறுத்தே எடுத்திருப்பார்கள். அறுந்த பட்டையைக் கொண்டுவந்து 'ஒரு தையல் போட்டுக் கொடுங்க, ஆர்.டி.ஓ. பார்த்தால் காட்டணும்' என்று கேட்பவர்களும் உண்டு. நான் தைப்பதில்லை. என் தையல் ரெக்ஸினைத் தாங்கும், ஒரு ஆளின் எடையை இழுத்துப் பிடிக்காது.

இதை ஓட்டுநர்களின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். குவாரி வண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெல்ட் சுருளும் பெட்டிக்குள் சின்ன இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். வண்டி திடீரென்று குலுங்கினாலோ சாய்ந்தாலோ அந்தக் குண்டு நகர்ந்து ஒரு கொக்கியைத் தள்ளும், கொக்கி பல்சக்கரத்தில் மாட்டி பெல்ட்டைப் பூட்டும். தார்ச்சாலையில் இது எப்போதாவது நடக்கும். குவாரிச் சரிவில் குண்டு ஓய்வதே இல்லை. இன்னொன்று, டிப்பர்களில் இப்போது ஸ்பிரிங் சீட், காற்றுச் சீட் என்று வந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போது சீட்டும் அமுங்கும். தொய்ந்த பெல்ட்டைப் பெட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். சீட் மேலே எழும்பும்போது பெல்ட் பூட்டியிருக்கும், விடாது. ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். குழியிலிருந்து கல் உடைக்கும் கிரஷருக்கு ஒரு லோடு ஏற்றி வருவதற்குள் தோளும் வயிறும் நசுங்கிவிடும். எவ்வளவு நல்ல மனிதரும் அதைக் கழற்றத்தான் செய்வார்.

காரணம், பெல்ட்டின் மேல் பிடிப்பு அசையாத கேபின் தூணிலும், ஆள் ஆடும் சீட்டிலும் இருப்பதுதான். பெல்ட்டின் எல்லாப் பிடிப்புகளும் சீட்டிலேயே உள்ள வகையும் விற்பனைக்கு உண்டு. சீட் எழும்பினால் பெல்ட்டும் கூடவே எழும்பும், இறுகுவது பெருமளவு குறைந்துவிடும். ஆனால் சாதாரணச் சீட்டில் பிடிப்பைப் பற்றவைத்து அப்படி மாற்றிவிட முடியாது. வண்டி கவிழும்போது ஆளின் பாரம் முழுவதும் சீட்டின் கால்களுக்குப் போகும் என்பதால், அதற்கென்றே செய்து, தரையோடு பட்டையால் இழுத்துக் கட்டிய சீட்டாக இருக்க வேண்டும். விலை கூடத்தான். ஆனால் ஒரு ஜோடி டயருக்குக் கணக்குப் பார்க்காத ஓனர்கள் இதற்கு மட்டும் யோசிக்கிறார்கள்.

பழைய வண்டிகளின் கதை வேறு. எங்கள் பக்கத்தில் சேஸிஸை மட்டும் வாங்கி, மரமும் தகடும் வைத்துக் கேபின் கட்டிய காலம் ஒன்று உண்டு. அந்த வண்டிகள் நெடுஞ்சாலைக்கு ஆகாமல் போனபின் குவாரிக்குள் ஓடும். சீட் ஒட்டுப்பலகைப் பெட்டிமேல் இருக்கும், பெல்ட் போல்ட்டும் அதே பலகையில். ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தால் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். 7/16 அங்குல உறுதியான போல்ட், இரும்புச் சட்டம், பின்னால் தடித்த தகடு, இந்த மூன்றும் இல்லாமல் பெல்ட் மாட்டுவதும் ஒன்றுதான், மாட்டாததும் ஒன்றுதான். கிளீனர் பக்கத்தில் பல வண்டிகளில் அதுகூடக் கிடையாது.

சரி, 'குவாரிக்குள் இருபதில்தானே போகிறோம், எதற்குப் பெல்ட்?' என்பார்கள். அங்கே வேகம் ஆளைக் கொல்வதில்லை, உயரம் கொல்கிறது. மழை பெய்து ஓரம் இளகியிருக்கும், ரிவர்ஸில் விளிம்புக்குப் போய்ப் பாடியைத் தூக்குவார்கள், ஈர மண் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் சரியும். பாடி மேலே நிற்கும்போது வண்டி சாய அதிக நேரம் பிடிக்காது. இடப்பக்கம் சாய்ந்தால், பெல்ட் இல்லாத ஓட்டுநர் கேபினின் முழு அகலத்தையும் கடந்து எதிர்க் கதவில் போய் விழுவார். வலப்பக்கம் சாய்ந்தால் பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே போய்விடும், அதன்மேல் கேபின் இறங்கும்.

அப்புறம் 'குதித்துத் தப்பித்துவிடலாம்' என்ற நம்பிக்கை. வண்டி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் குதிக்க வருகிறது. மேலே போன கதவை நோக்கி ஏறிக் குதிக்க யாருக்கும் நேரம் இருக்காது. இந்த நம்பிக்கை டிராக்டரிலிருந்து வந்திருக்கலாம். தலைக்குமேல் பாதுகாப்புக்கான இரும்புச் சட்டகம் இல்லாத டிராக்டரில் பெல்ட் கட்டக் கூடாது என்பது உண்மைதான், ஆள் அடியில் மாட்டிக்கொள்வார். சட்டகம் உள்ள டிராக்டரிலோ பெல்ட் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சட்டகம் பத்திரமாக இருக்கும், ஆள் வெளியே கிடப்பார். புது டிராக்டர்களுக்கு அந்தச் சட்டகத்தை ஸ்வீடன் 1959-ல் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில், அதே நாட்டில்தான் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனைப் பெல்ட் காரில் வந்தது. காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல் எல்லாக் கம்பெனிக்கும் வால்வோ திறந்துவிட்டது. அறுபது வருடம் தாண்டியும் நம் குவாரிக்குள் அது நுழையவில்லை என்பதுதான் வேடிக்கை.

பாலைவனப் பந்தய லாரி வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'அண்ணே, அந்த மாதிரி ரேஸ் பெல்ட் போட்டு விடுங்க' என்று தம்பிகள் சிலர் கேட்கிறார்கள், குறிப்பாக மலைக்கு ஜீப் ஓட்டுபவர்கள். டக்கார் பந்தயத்தில் ஓடிய கமாஸ், டட்ரா லாரிகளுக்குள் கனமான குழாய்க் கூண்டு இருக்கும். அந்தக் கூண்டை நம்பித்தான் ஆளை இரண்டு தோளிலும் இறுக்கிக் கட்டுகிறார்கள். கூண்டு இல்லாத வண்டியில் அதை மாட்டினால், கூரை நசுங்கும்போது தலை விலக வழியில்லாமல் நிமிர்ந்தே நிற்கும். தோள்பட்டைகள் பின்னோக்கி ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். கீழே தரையில் கொண்டுபோய்ப் பூட்டினால் முதுகெலும்பை அழுத்திவிடும். தொடைக்கு நடுவே வரும் பட்டை இல்லாவிட்டால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். டிப்பர்காரருக்கோ ரிவர்ஸ் எடுக்கும்போது சாய்ந்து கண்ணாடி பார்த்தாக வேண்டும், இரண்டு தோளும் கட்டியிருந்தால் வேலையே நடக்காது. சீட்டோடு சேர்ந்த மூன்றுமுனைப் பெல்ட் அவருக்குப் போதும். பந்தயக்காரர்களிடம் நாம் படிக்க வேண்டியது வேறு: அவர்கள் பெல்ட்டில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், தேதி தாண்டினால் போட விடமாட்டார்கள். நம் குவாரி வண்டிகளில் வெயிலில் வெளுத்து, பக்கிளில் கல்தூசி அடைத்துக் கிடக்கும் பெல்ட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சாலையில் பெல்ட் இல்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அதனால் குவாரி கேட் தாண்டித் தார்ச்சாலை ஏறும்போது சிலர் மாட்டுகிறார்கள், திரும்ப உள்ளே போகும்போது கழற்றுகிறார்கள். ஆபத்து எங்கே அதிகமோ அங்கே கேட்க ஆள் இல்லை. சட்டப்படி குவாரியும் ஒரு சுரங்கம்தான். பாதுகாப்பைப் பார்க்க, தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் இருக்கிறது. அமெரிக்காவின் சுரங்க விதிகளில் கல் ஏற்றும் லாரி ஓட்டுநருக்குப் பெல்ட் கட்டாயம் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது, பள்ளத்தை ஒட்டிய பாதைகளில் வண்டியின் சக்கர அச்சு உயரத்துக்காவது தடுப்புக் கரை வேண்டும் என்றும் இருக்கிறது. இங்கே குவாரி உரிமம் புதுப்பிக்கும்போது எத்தனையோ சான்றிதழ் கேட்கிறார்கள். உள்ளே ஓடும் வண்டிகளின் சீட்டையும் பெல்ட்டையும் ஒருவர் ஏறிப் பார்த்து எழுதட்டும், புதிதாகச் சட்டம் ஒன்றும் போட வேண்டியதில்லை.

உங்கள் நிருபர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விபத்து இடத்துக்குப் போனால், வண்டியை நிமிர்த்தி எடுத்துப் போவதற்கு முன் முடிந்தால் கேபினைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கிளில் நாக்கு மாட்டியிருக்கிறதா, பெல்ட் கவருக்குள் கிடக்கிறதா என்பது படத்திலேயே தெரியும். மீட்க வந்தவர்கள் அறுத்திருந்தால் வெட்டு வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். முன்பே அறுத்த பெல்ட் என்றால் விளிம்பில் நூல் பிரிந்து எண்ணெய் அழுக்கு ஏறியிருக்கும். அதைச் செய்தியில் ஒரு வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
லாரி சீட் பட்டறைக்காரர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.