மேகம் வரும்வரை காத்திருங்கள்: தமிழ்த் திரைப்படக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும், ஒளிப்பதிவாளர்களுக்கும், ஒலி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் பரங்கிமலை உச்சியில் நின்று விமானம் பார்க்கிறவர்கள். ஏழெட்டுப் பேர் இருப்போம். ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் கார் மெக்கானிக், இரண்டு பேர் கல்லூரிப் பிள்ளைகள், நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மாலை மலையேறி, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் இருட்டும்வரை பார்ப்போம். அப்புறம் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து விமானப் படம் போடுவோம். சில படங்களைப் பத்து முறைக்கு மேல் பார்த்தாயிற்று. அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: தமிழில் வானத்தைப் படமெடுங்கள்.

விமான நிலையத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், அதுவும் அருமையாக. 'சூரரைப் போற்று' படத்தில், அப்பா சாகக் கிடக்கும்போது டிக்கெட்டுக்குப் பணம் போதாமல், போவோர் வருவோரிடமெல்லாம் நாயகன் மாறா கையேந்துவாரே, அந்தக் காட்சி வந்தால் எங்கள் மெக்கானிக் நண்பர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இதுவரை ஒரு தடவைகூட அதை முழுதாகப் பார்த்ததில்லை. அந்தப் படத்துக்கு 5 தேசிய விருதுகள் கிடைத்தபோது எங்கள் வீட்டு விசேஷம் போலக் கொண்டாடினோம். ஆனாலும் அந்தக் காட்சி தரையில் நடக்கிறது. தமிழ்ப் படங்களில் நெஞ்சைப் பிடித்த விமானக் காட்சிகளை யோசித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாமே தரையில் நடப்பவைதான். வழியனுப்புதல், காத்திருத்தல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தல். விமானம் மேலே போனதும் நமக்குக் கை உதறிவிடுகிறது.

எங்களுக்குப் பிடித்த படங்களில் மிகப் பழையது 'விங்ஸ்'. 1927இல் வந்த மௌனப் படம். அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர். டெக்சாஸில் படக்குழு மொத்தமும் தயாராக நிற்கிறது, விமானங்கள் நிற்கின்றன, வானம் துடைத்து வைத்தது போல இருக்கிறது. அவர் படம்பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார். வெறும் நீலத்தில் விமானம் பறந்தால் அது நகர்வதே தெரியாது, பின்னால் மேகம் இருந்தால்தான் வேகம் கண்ணுக்குப் பிடிபடும் என்பது ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். செலவு ஏறிக்கொண்டே போக, தயாரிப்பு நிறுவனம் நெருக்க, அவர் மேகத்துக்காகக் காத்திருந்தார். நாயகர்களில் ஒருவரான பட்டி ரோஜர்ஸ் அந்தப் படத்துக்காகவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வானதும் 'விங்ஸ்'தான். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும், அந்த மேகத்துக்குள்ளிருந்து விமானங்கள் வெளியே வரும்போது எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

1969இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்', இரண்டாம் உலகப் போரின் வான்சண்டை பற்றியது, எங்களுக்குள் அதிகம் சண்டை மூட்டிய படம். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தால் முதலில் குறைதான் கண்ணில் படும். அதில் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்களாக வருபவை ஸ்பெயினில் செய்த புச்சோன் ரகம். அசல் ஜெர்மன் விமானத்தில் இன்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கும், அதனால் புகைபோக்கிகள் மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும். புச்சோனில் பிரிட்டிஷ் மெர்லின் இன்ஜின், புகைபோக்கிகள் மேலே. அதாவது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானமும் அதைத் துரத்தும் எதிரியும் ஒரே இன்ஜினில் பறக்கின்றன. குண்டுபோட வரும் ஜெர்மன் ஹைன்கல் விமானங்களுக்கும் அதே மெர்லின்தான். வங்கி நண்பர் இதைச் சொல்லி ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்தப் படத்தை அடிக்கடி போடச் சொல்வதும் அவர்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சார், அத்தனையும் நிஜமாப் பறக்குது சார்" என்றார்.

அவர் சொன்னது ரொம்ப சரி. மூக்கு தப்பாக இருக்கலாம், புகைபோக்கி இடம் மாறியிருக்கலாம், நாங்கள் மன்னித்துவிடுவோம். விமானத்துக்குக் கனம் இருக்கிறதா, திரும்பும்போது காற்று அதைத் தாங்குவது தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் படத்துக்கு அக்காள் மகனைக் கூட்டிப்போனேன். படத்தின் பெயர் வேண்டாம். அதில் ஏறும்போது 4 இன்ஜின் உள்ள விமானம், நடுவானில் 2 இன்ஜின், இறங்கும்போது இறக்கை நுனி வேறு மாதிரி. காக்பிட்டைக் காட்டினார்கள், ஏர்பஸ் என்று வசனம் வருகிறது, விமானி இரண்டு கையாலும் பெரிய யோக்கை, அதாவது ஸ்டியரிங் போன்ற கைப்பிடியை, பிடித்து இழுக்கிறார். ஏர்பஸ்ஸின் ஏ320 ரகத்தில் யோக்கே கிடையாது, பக்கவாட்டில் ஒரு சிறிய சைட் ஸ்டிக்தான். பதினோரு வயதுப் பையன் என் காதில், "மாமா, இது எத்தனை பிளேன்?" என்றான். கதையில் அந்த இடத்தில் ஒரு சாவு. அவன் மனசில் அது பதியவே இல்லை. எனக்கு அன்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

பட்ஜெட் என்று சொல்வீர்கள். நியாயம்தான். 'டாப் கன்: மேவரிக்' எடுத்தவர்கள் போல, எஃப்-18 போர் விமானத்தின் காக்பிட்டுக்குள் 6 கேமராக்களைப் பொருத்தி, பின்னிருக்கையில் நடிகரை உட்காரவைத்து, கடற்படை விமானியை ஓட்டச் சொல்ல இங்கே யாராலும் முடியாது. அந்தப் படத்தில் விமானம் திரும்பும்போது நடிகர்களின் கன்னம் கீழே இழுபடும், பேச முடியாமல் மூச்சுத் திணறும். அது நடிப்பால் வராது என்பது தெரியும். அதை உங்களிடம் கேட்கவில்லை. யாரும் உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டாம். 1965இல் 'தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' எடுக்கும்போது பால் மான்ட்ஸ் இறந்தார். 1985இல் முதல் 'டாப் கன்' படத்துக்காகப் பறந்தபோது ஆர்ட் ஷால் இறந்தார். இருவருமே கைதேர்ந்த விமானிகள். ஒரு காட்சிக்காக அப்படி ஒரு விலையை நாங்கள் விரும்பவில்லை.

பணம் அதிகம் கேட்காத ஒன்று இருக்கிறது: சத்தம். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' என்ற அனிமேஷன் படத்தில் விமான இன்ஜின்களின் சத்தத்தை மனிதர்கள் வாயாலேயே எழுப்பியிருக்கிறார்கள். தெரியாமல் பார்த்தபோதே அந்த இன்ஜின்கள் உயிரோடு மூச்சுவிடுவது போல இருந்தது. 'சல்லி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி 2 இன்ஜின்களும் செயலிழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் கதை. பறவைகள் மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட்டது வரை 208 விநாடி. உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். படத்தில் விசாரணை அதிகாரிகளை வில்லன்களாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இன்ஜின் நின்றதும் கேபினில் ஓர் அமைதி விழுமே, அதற்காகவே பார்க்கலாம். அந்த இடத்தில் வயலின் வாசித்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

நம் ஊர் விமானங்களுக்கும் குரல் இருக்கிறது. ஏ320இல் போனவர்கள் கேட்டிருப்பீர்கள், ரன்வேக்குப் போகுமுன் காலடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வரும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமாளிக்கும் கருவியின் சத்தம் அது. முதல்முறை போகிறவர்கள் பயந்து பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். எந்தத் தமிழ்ப் படத்திலும் அதை நான் கேட்டதில்லை. தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் பயணிகள் பின்கதவு வழியாக ஏறுவார்கள், முன்பக்கம் சரக்குக்கு. புரொப்பெல்லர் வேகம் எடுக்கும்போது இருக்கையே அதிரும். முதல் விமானப் பயணம் போகும் ஒரு பாட்டியை அந்தப் பின்கதவில் ஏற்றிப் பாருங்கள், காட்சி தானாக அமையும்.

கதைக்கும் பஞ்சமில்லை. 1910இலேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், தானே வரைந்து சிம்சன் பட்டறையில் செய்யவைத்த விமானத்தைப் பறக்கவிட்டார். உஷா சுந்தரம் இன்னும் பெரிய கதை. சுதந்திரத்துக்குப் பிறகு விமானம் ஓட்டிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். சென்னை அரசு வாங்கிய டவ் ரகச் சிறு விமானத்தைக் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். சிறிய காக்பிட், பக்கத்தில் கணவர், கீழே பாலைவனம், இரவு. இதைவிட ஓர் இயக்குநருக்கு என்ன வேண்டும்?

ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் எங்கள் மலையை ஒட்டி ஏறும். சில நாள் மேகம் அவ்வளவு தாழ்வாக இருக்கும், ஏறிய நிமிஷமே உள்ளே போய் மறைந்து, சத்தம் மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும். ஒரு மாலை உங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வாருங்கள். ஞாயிறு நாலரை மணிக்கு மேல் நாங்கள் தேவாலயத்துக்குப் பின்பக்கச் சுவரோரம் இருப்போம். எது எந்த விமானம் என்று கூடவே நின்று சொல்கிறோம்.

அன்புடன்,
பரங்கிமலையில் விமானம் பார்ப்பவர்கள் சார்பாக, ஒரு கணக்கு ஆசிரியர்