கதவில் அடித்த தகரச் சீட்டு

கிளாஸ்கோ,
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றால் பந்தலூர் மழைக்கு டவர் படுத்துவிடுகிறது. பாதி நேரம் "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். போன வாரம், "ரூம் காற்றோட்டமாக இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் கொஞ்சம் நீளும்.

நான் இருப்பது சிவப்பு மணற்கல்லில் கட்டிய நான்கு மாடி டெனமென்ட். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, மாடிக்கு இரண்டு வீடு. நம் தோட்டத்து லைன் வீட்டு வரிசையை, அந்தப் பாடியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தியது போல இருக்கும். படிக்கட்டைக் கழுவுவது வாரம் ஒரு வீட்டு முறை. குழாயடியில் அப்பாயி முறை வைத்துச் சண்டை போடுவாளே, அதே குரலில் கீழ்வீட்டுப் பாட்டி எங்கள் கதவைத் தட்டி ஞாபகப்படுத்துவார்.

எங்கள் வீட்டில் நான்கு பேர், எல்லோரும் நர்ஸ்கள். சமையலறைச் சுவரில் ஒரு கட்டில் கொள்ளும் அளவுக்கு உள்வாங்கிய மாடம் ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே பிரிட்ஜ் நிற்கிறது. என்ன மாடம் இது என்று பாட்டியிடம் கேட்டேன். ஒரு குடும்பமே படுத்த இடமாம். அவருடைய அம்மா பிறந்ததும் அப்படி ஒரு மாடத்தில்தானாம்.

அதற்குப் பிறகு நூலகத்தில் போய்த் தேடிப் படித்தேன். 1862இல் இந்த ஊருக்கு ஒரு சட்டம் வந்தது. சின்ன வீடுகளை அளந்து, உள்ளே எத்தனை கன அடி காற்று, எத்தனை பேர் படுக்கலாம் என்று பொறித்த தகரச் சீட்டைக் கதவிலேயே அடித்துவிட்டார்கள். பெரியவருக்கு 300 கன அடி. எட்டு வயதுக்குக் கீழே என்றால் அரை ஆள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சுகாதார அதிகாரிகள் இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்கோடு வந்து தட்டுவார்கள். கணக்குக்கு மேல் ஆள் இருந்தால் வழக்கு. சனங்கள் சும்மா இருப்பார்களா? கட்டிலுக்கு அடியிலும், அலமாரிக்குள்ளும், கூரை மேலும் ஒளிந்திருக்கிறார்கள்.

டைபஸ் காய்ச்சலுக்குப் பயந்துதான் இவ்வளவும். கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று நம்பினார்கள். அது பேன் வழியாகப் பரவுகிறது என்று 1909இல்தான் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரியாமலேயே நெரிசலைப் பிடித்தார்களே, ஒரு நர்ஸாக அதை நான் மெச்சத்தான் வேண்டும். ஆனால் கணக்குக்கு மேல் படுத்தவன் அந்தக் குளிரில் எங்கே போவான் என்று சீட்டில் எழுதவில்லை. 1872 முதல் நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல் என்ற டாக்டருக்கு இது தெரிந்திருந்தது. நகரத்தில் கால்வாசிப் பேர் ஒற்றை அறையில் வாழ்கிறார்கள் என்று 1888இல் மேடை ஏறியே பேசினார். அப்படியும் 1890இல் பெரியவருக்கு 400 கன அடி என்று கணக்கை உயர்த்தினார்கள். உயர்த்தியது சரிதான், வீடு யார் கட்டுவது?

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், போன மாதம் நானும் ஆளை ஒளித்தேன். கூட வேலை செய்யும் இடுக்கிப் பெண்ணுக்கு ரூம் கிடைக்கவில்லை. மூன்று வாரம் எங்களோடு இருந்தாள். பிரிட்ஜை நகர்த்திவிட்டு அந்த மாடத்தில்தான் மெத்தை போட்டுக் கொடுத்தோம். உறவில்லாத மூன்று பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் இருந்தால் அதற்கு நகராட்சி உரிமம் வேண்டும். எங்கள் உரிமத்தில் நாலு பேர்தான். ஏஜென்ட் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்த அன்று, மெத்தையைச் சுருட்டி அலமாரிக்குள் திணித்தோம். அவள் மழையில் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தாள். ஏஜென்ட் புகை அலாரத்தை அமுக்கிப் பார்த்தார், சன்னல் திறக்கிறதா என்று பார்த்தார், போய்விட்டார். அலமாரிக் கதவு முழுதாக மூடாமல் மெத்தையின் நீல ஓரம் தெரிந்துகொண்டே இருந்தது. அவர் பார்த்தாரா, பார்த்தும் பேசாமல் போனாரா, தெரியாது. இப்போது அவளுக்கு ரூம் கிடைத்துவிட்டது.

அந்த உரிமத்தையும் நான் திட்டமாட்டேன். 1999இல் இந்த ஊரில் ஒரு வாடகை வீடு தீப்பிடித்தது. சன்னலில் கம்பி, வெளியே வர வழியில்லை. இரண்டு மாணவர்கள் இறந்துபோனார்கள். உரிமத்தைக் கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் நைட் டியூட்டியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ரூம் 14 அடிக்கு 12, உயரம் 11. 1848 கன அடி. பழைய சட்டப்படி ஆறு பேர் படுக்கலாம், நான் ஒருத்தி படுக்கிறேன். நம் லைன் வீட்டு அறை, நம் காம்பரா, 10 அடிக்கு 12, உயரம் எட்டு. 960. மூன்று பேர். நீங்கள், அம்மா, அப்பாயி. அதோடு சீட்டு நிறைந்துவிடும். அக்கா, நான், தம்பி மூன்று அரை ஆள்களும் கணக்குக்கு வெளியே. 400 கன அடி என்று வைத்தால் அப்பாயியையும் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு அனுப்ப வேண்டும். அவள் எப்படியும் அங்கேதான் படுத்தாள். தலை எண்ணுகிறார்கள் என்றாலே இலங்கையிலிருந்து வந்தபோது மண்டபம் கேம்ப்பில் வரிசையில் நின்ற கதையை ஆரம்பித்துவிடுவாள்.

நம் பக்கம் யாரும் ராத்திரியில் வந்து தலை எண்ணியதில்லை. பகலில் வந்து கூரையில் ஓட்டை எண்ணியதும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு வீடும் தண்ணீரும் கழிப்பிடமும் தரவேண்டும் என்று 1951லேயே சட்டம் வந்தது. ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் என்று நாம் வரிசையில் நின்றதும் அந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான்.

இந்த மாதம் அனுப்பும் பணத்தில் மேற்குப் பக்கத்துத் தகரத்தை மாற்றிவிடுங்கள், அடுத்த மழைக்குத் தள்ள வேண்டாம். உயரம் எட்டடி என்று நான் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். தகரம் மாற்ற ஏறும்போது தம்பியை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். நடு உத்தரத்தில் ஒன்று, சுவர் ஓரத்தில் ஒன்று, இரண்டு அளவும் வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்