செயின் மட்டும் மாத்துனா போதாதா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன ஆவணி மாசக் கடைசியில் ஒரு அக்கா செயின் அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். செயினோடு ஃப்ரீவீலையும், அதாவது பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரத்தையும், மாற்றிவிடலாம் என்றேன். "அந்து போனது செயின்தானே அண்ணாச்சி? அதை மட்டும் மாத்துங்க, மத்ததை தீவாளி கழிச்சுப் பாப்போம்" என்றார். மாசக் கடைசி என்றால் யார் கையில்தான் காசு இருக்கும்? சரியென்று புதுச் செயினை மட்டும் மாட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்திருக்கிறார். செயின் பல்லை விட்டுத் தவ்வியிருக்கிறது. கால் பெடலிலிருந்து சறுக்கி, முட்டி ஹேண்டில்பாரில் இடித்து, ஆள் கீழே. நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டே வந்தவர், "புதுச் செயின்தான் போட்டீங்களா, இல்ல பழசைத் துடைச்சுப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

செயின் புதுசுதான். அது புதுசாக இருந்ததுதான் கோளாறு. தெரிந்தே மாட்டிக் கொடுத்தது என் தப்பு. அன்றிலிருந்து, தேய்ந்த ஃப்ரீவீலில் புதுச் செயினை மட்டும் மாட்டித் தருவதில்லை என்று வைத்திருக்கிறோம். "ஒரு சாமான் கேட்டா ரெண்டு சாமான் விக்கப் பாக்கான்" என்று சிலர் வெளியே போய்ப் பேசுவதும் காதில் விழுகிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் விஷயத்தை விளக்கிச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

செயின் இழுபட்டு நீளுகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் அந்த இரும்புத் தகடு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது. அது சுழலும் இடத்தில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அராவ, பின்னுக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. ஒரு கண்ணிக்கு ஒரு தலைமுடி கனம், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும். சாதாரணச் சைக்கிள் செயினில் நூற்றுப் பத்துக் கண்ணி வரை இருக்கும். எல்லாம் சேர்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொங்கிவிடும்.

புதுச் செயினில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு சரியாக அரை அங்குலம். ஃப்ரீவீல் பல்லும் அந்தக் கணக்கில்தான் வெட்டியிருக்கும். செயின் நீள நீள, பல்லின் அடியில் உட்கார வேண்டிய செயின் உருளை கொஞ்சம் மேலேறி உட்கார்ந்து பல்லை ஒரு பக்கமாகத் தின்கிறது. நாளாவட்டத்தில் பல் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்துவிடும். பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்தவை என்பதால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் புதுச் செயினை மாட்டினால் அந்த வளைந்த பல்லில் அது உட்காராது. சமதரையில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போதுதான் தவ்வும்.

முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை ஏன் மாற்றச் சொல்வதில்லை என்றும் கேட்கிறார்கள். அதில் 48 பல் என்றால் ஃப்ரீவீலில் 18 பல். முன்னது ஒரு சுற்று வருவதற்குள் பின்னது இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். உழைப்பெல்லாம் சின்னவனுக்குத்தான். முன் பல்சக்கரம் மூன்று நான்கு செயினைப் பார்த்துவிட்டுத்தான் ஓயும்.

செயினை மட்டும் மாற்றினால் போதுமா என்றால், போதும், நேரத்தோடு வந்தால். அதை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருப்பது சின்ன ஸ்கேல், அது ஆகாது. ஓர் அடி ஸ்கேலை எடுங்கள். செயினை விரலால் இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் நடுப்புள்ளியில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 20 கண்ணி எண்ணினால், இருபதாவது பின்னின் நடுப்புள்ளி சரியாக 10 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஃப்ரீவீல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் போயிருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்துக்கொண்டு வாருங்கள். கடையிலும் இனி உங்கள் கண் முன்னால் அளந்து காட்டிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்போம்.

எப்படியும் ஃப்ரீவீல் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. பாளையங்கோட்டையிலிருந்து பேட்டை, சுத்தமல்லி, சேரன்மகாதேவி என்று மேற்கே தினமும் மிதிக்கிறவர்களுக்கு ஆனி ஆடிக் காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மலைக்கணவாய் வழியே வரும் அந்தக் காற்றுதான் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலையைச் சுற்றுகிறது. அதன் எதிரே சைக்கிள் எம்மாத்திரம்? 18 பல்லுக்குப் பதில் 20 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொண்டால் மிதி பத்தில் ஒரு பங்கு இலேசாகும். வேகம் கொஞ்சம் குறையும், அதை மறைக்கவில்லை. ஆனால் எதிர்காற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தைவிட அது கூடத்தான். செயினும் அப்போதே புதுசு போடுவதால் கண்ணியை அளவு பார்த்து வெட்டிவிடலாம்.

எண்ணெய் விஷயத்தில்தான் எனக்கும் உங்களுக்கும் ரொம்ப நாள் சண்டை. "ஓவராயில் பண்ணணும்" என்று சொல்லிச் சொல்லி, நிறைய ஆயில் ஊற்றுவதுதான் ஓவராயில் என்றே பலர் நினைத்துவிட்டார்கள். அது ஆங்கில வார்த்தை, எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது என்று பொருள். ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செயினுக்கு ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிஷம் கழித்துப் பழைய துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது பின்னுக்கு உள்ளே. வெளியே பளபளவென்று நிற்பது மண்ணைப் பிடிக்கத்தான் உதவும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் ஓடும் வண்டிகள் வந்தால் செயின் சிவப்புச் சாந்து பூசின மாதிரி இருக்கும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசினாக இறுகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயில் அதைவிட மோசம், அதற்குள்ளேயே இரும்புத் துகள் மிதக்கிறது. தையல் மிஷின் ஆயில் நல்லதுதான், ஆனால் மழைக்கு நிற்காது. புது இன்ஜின் ஆயில் ஒரு சின்னப் பாட்டில் வாங்கினால் ஒரு வீட்டுச் சைக்கிள் அத்தனைக்கும் வருஷக்கணக்கில் வரும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

மழைத் தண்ணீர் மேலே விழுவதால் சைக்கிள் கெடாது. சக்கர அச்சு முங்குகிற தண்ணீரில் ஓட்டினால்தான் கெடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் வடிந்தபின் கடை வாசலில் நின்ற சைக்கிள்களை நினைத்தால் இப்போதும் கை வலிக்கிறது. பின்சக்கர அச்சைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் பால்காபி நிறத்தில் வழிந்தது. பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டு பால்ரஸ் குண்டு. விரலில் வைத்து உருட்டினால் மணல் நறநறவென்றது. உடனே கொண்டுவந்தவர்களுக்குக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்ததோடு சரியாகிவிட்டது. பொங்கல் கழித்துக் கொண்டுவந்தவர்களுக்குக் குண்டு, அது உருளும் கோன், கப்பு மூன்றுமே துருவில் குழி விழுந்துவிட்டிருந்தது. அதனால் அச்சு முங்கிய வண்டியை ஓட்டிப் பார்த்து "நல்லாத்தான் ஓடுது" என்று விட்டுவிடாதீர்கள்.

மழையில் பிரேக். நம்ம ஊர்ச் சைக்கிளில் பெரும்பாலும் குரோம் பூசின இரும்பு ரிம்தான். நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை அதில் வழுக்கும். காய்ந்த நாளில் நிற்கிற தூரத்தைப் போல பல மடங்கு ஓடித்தான் நிற்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கை இலேசாகப் பிடித்து, ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வாருங்கள்.

பஞ்சருக்கு வருவோம். வெளியூரில் ஆணி என்றால் நமக்கு உடைமுள். குளத்தங்கரைப் பாதையில் நான்கு நாள் போனால் ஒன்றாவது ஏறாமல் இருக்காது. ட்யூப்பை ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டால், காலையில் மறுபடியும் சக்கரம் தரையோடு படுத்திருக்கும். முள் முனை வெளியே தெரியாது, விரலால் தடவினால் விரலில் ஏறும். பழைய வேட்டித் துணியை டயரின் உள்பக்கம் சுற்றி இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கி நிற்கும். எங்கள் கடைப் பையனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

எல்லாக் காற்றிறக்கமும் பஞ்சர் இல்லை. ராத்திரிக்குள் மெதுவாக இறங்கினால் முதலில் வால்வு மேல் எச்சில் தொட்டு வையுங்கள். கொப்புளம் வந்தால் வால்டியூப் (வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) இத்துப்போயிருக்கிறது, அதை மாற்ற ஒரு நிமிஷம். ட்யூப்பில் ஒரே ஒரு பொட்டு ஓட்டை இருந்தால் முள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் அது முள் வேலை இல்லை. காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் விட்டதால் ரிம் கடித்தது. காற்றுக் குறைந்தால் டயரும் ட்யூப்பும் ரிம்மில் நகர்ந்து, வால்வு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த வால்வைப் பார்த்ததும் காற்றை இறக்கி நேராக்கிவிட்டு நிறைய அடியுங்கள். வால்வின் அடியில் ட்யூப் கிழிந்துவிட்டால் ஒட்டுப் போட முடியாது, ட்யூப்பே போச்சு.

இடது பெடல் மரை தலைகீழ், இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலது பெடலை இறுக்குகிற மாதிரி அதையும் திருகி, மரையைத் தின்ன வைத்து வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிளில் சீட் பல நேரம் தாழ்வாகவே கிடக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஒரு ஸ்பேனர் வேலை, காசு கிடையாது. கியர் சைக்கிள்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: உங்கள் செயின் அகலம் குறைந்தது, சாதாரணச் செயினை அதில் மாட்டச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

மழைக்காலம் முடியும் வரை ஞாயிறு மத்தியானம் வரையிலும் கடை திறந்திருக்கும். எதை மாற்றினாலும் பழைய சாமானைத் துணியில் சுற்றி உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பையன் மறந்துவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் ஃப்ரீவீலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வளைந்த பல் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
தெற்கு பஜார், பாளையங்கோட்டை