மழைமானிப் பராமரிப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு ஆலய நிர்வாகக் குழுவின் வணக்கம்.

பினாங்குத் தீவில் நமது ஆலயத்தின் பொறுப்பில் உள்ள ஏழு மழைமானிகளின் பருவப் பராமரிப்பு, ஆடி முதல் ஞாயிறன்று தொடங்கி ஆவணி இரண்டாம் ஞாயிறன்று நிறைவுற்றது என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆடியில் பணி தொடங்கலாமா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தனர். புதிதாக எதையும் நிறுவாமல், இருப்பதைச் செப்பனிடுவதால் தடையில்லை என்று குருக்கள் தெளிவுபடுத்தினார். இங்கே செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்களாதலால், அதற்குமேல் தள்ளிப்போட வழியும் இல்லை.

ஆலயம் மழையை ஏன் அளக்க வேண்டும் என்று புதிய உறுப்பினர்கள் கேட்பதுண்டு. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவும் மறுநாள் காலையும் பெய்த மழையில் தீவு வெள்ளக்காடானதையும், கொடிமலைச் சரிவுகளில் மண் சரிந்து பாதைகள் அறுந்ததையும் நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டவர்கள். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு, மேலே எவ்வளவு பெய்திருக்கிறது என்பது அந்தந்த மணி நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும். பாயான் லெப்பாஸில் வெயில் அடிக்கும்போதே ஆயர் ஈத்தாமில் கொட்டித் தீர்ப்பது இங்கு வழக்கம். ஓரிடத்து அளவை வைத்து மற்றோரிடத்தைச் சொல்ல முடியாது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் நிலையங்கள் இருக்கின்றன; அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களுக்காகவே நம்முடையவை.

ஏழில் ஐந்து சாயும் கிண்ண வகையைச் சேர்ந்தவை. புனலில் விழும் நீர் இரட்டைக் கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் சேர்ந்து, அரை மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் கிண்ணம் மறுபக்கம் சாய்கிறது. அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைத் தொடாமலே கடந்து அதை இயக்க, பதிவுக் கருவியில் ஓர் எண்ணிக்கை கூடுகிறது. மற்ற இரண்டும், நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்துக் குறிக்கும் எளிய மழைமானிகள்.

இம்முறை எங்களை மிகவும் கவலைக்குள்ளாக்கியது பாயா தெருபோங் கருவி. ஏப்ரல், மே மாதங்களின் பதிவைப் புரட்டியபோது, மாலை ஐந்து மணிக்கு இடியுடன் பெய்த மழை மற்ற இடங்களில் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்திருக்க, அங்கு மட்டும் நள்ளிரவு வரை அரை அரை மில்லிமீட்டராகத் தூறிக்கொண்டே இருந்ததாகக் காட்டியது. ஏணி வைத்து ஏறிப் புனலைக் கழற்றியபோது காரணம் புரிந்தது. வடிகட்டிக்குக் கீழே, விரல் நுழையாத குழாய்க்குள் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அதன் ஓரத்தில் குண்டூசி செல்லும் அளவுக்கே இடைவெளி. நீர் புனலிலேயே தேங்கி அந்த இடைவெளி வழியாகச் சொட்டியிருக்கிறது. நாள் மொத்தம் ஏறத்தாழச் சரியாகவே இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் சரிவில் மண் தாங்குமா என்பதை நாள் மொத்தத்தைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது; எவ்வளவு நேரத்துக்குள் பெய்தது என்பதும் வேண்டும். மணிக்கு 60 மில்லிமீட்டரைத் தாண்டுவதையே வடிகால் நீர்ப்பாசனத் துறை மிகக் கனத்த மழையாக வகைப்படுத்துகிறது. அத்தகைய மழையையும் இந்தக் கருவி சிறு தூறலாகவே காட்டியிருக்கும். முற்றிலும் நின்றுபோன கருவியைவிட, ஓடிக்கொண்டே தவறாகச் சொல்லும் கருவியால்தான் ஆபத்து அதிகம் என்பதை அந்த ஏணியின் மேல் நின்றபோது உணர்ந்தோம்.

துப்புரவு முடிந்ததும் ஐந்து கருவிகளையும் நீரூற்றிச் சோதித்தோம். புனலின் விட்டம் 200 மில்லிமீட்டர். அதன் வாயில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 31.4 மில்லிலிட்டர் நீர். எனவே 628 மில்லிலிட்டர் நீரை, அடியில் துளையிட்ட புட்டியிலிருந்து ஒரு மணி நேரம் சொட்டவிட்டால் 20 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கிண்ணம் 40 முறை சாய வேண்டும். நான்கு கருவிகள் இதற்கு ஒத்து வந்தன. தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ளது 37 முறையே சாய்ந்தது. கிண்ணத்தின் அடியில் அதைத் தாங்கும் இரு திருகுகளையும் சிறிது உயர்த்தி, மூன்று முறை மீண்டும் சோதித்ததில் 40, 40, 39 என்று வந்தது. இளைஞர் பிரிவினர் இருவர் புட்டியின் அருகிலேயே அமர்ந்து ஒவ்வொரு சாய்வையும் தாளில் கோடிட்டு எண்ணினர். பதிவுக் கருவியின் எண்ணிக்கை அவர்களுடைய கோடுகளோடு ஒன்றும் பிசகாமல் பொருந்தியது.

ஆலய வளாகத்திலுள்ள எளிய மழைமானியில் நேர்ந்த பிழையையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். ஜூலையில் உடைந்த குடுவைக்குப் பதிலாக ஒரு கடையிலிருந்து புதியதை வாங்கினோம். வாங்கிய சில நாட்களில், அடுத்த தெருவில் 20 மில்லிமீட்டர் பதிவான காலையில் நமது குடுவை 51 என்று காட்டியது. பார்த்தால், அது 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள புனலுக்குரிய குடுவை. நம்முடைய புனலோ 203 மில்லிமீட்டர். வாய் அகன்ற புனல் இரண்டரை மடங்குக்கும் மேலான நீரைத் திரட்டுவதால் அளவும் அவ்வளவு பெருகிவிட்டது. கடையில் மாற்றித்தர மறுத்ததால் அந்தச் செலவு நமக்கு நட்டமே. பெட்டியைப் பிரித்தவுடன் விட்டத்தைச் சரிபார்த்திருக்க வேண்டியது குழுவின் கடமை, அதில் தவறினோம்.

பாலிக் புலாவ் தோட்டத்தில் சிக்கல் வேறு விதமானது. மழைமானியை நட்டபோது இடுப்பளவு இருந்த ஜாதிக்காய்க் கன்று, இப்போது கருவியின் வாயைவிட ஐந்து மீட்டர் உயர்ந்த மரமாகி நிற்கிறது. தடையாக நிற்கும் பொருள் வாய்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இருமடங்கு தொலைவிலாவது மழைமானி இருக்க வேண்டும். இல்லாவிடில் காற்றோடு சாய்ந்து வரும் மழையை மரமே வாங்கிக்கொள்ளும். தோட்டத்து அம்மா மரத்தை வெட்டிவிடுகிறேன் என்று தாமே முன்வந்தார். காய்க்கும் மரத்தை வெட்டுவதற்கு எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. கிணற்றடியை ஒட்டிய திறந்த வெளிக்குக் கருவியை நகர்த்தி, கம்பத்தை நிறுத்தி, நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்து இறுக்கினோம். அன்று மதியம் அம்மா கொடுத்த ஜாதிக்காய்ச் சாற்றுக்கு இவ்வறிக்கை வழியாக நன்றி கூறுகிறோம்.

ஏனைய இடங்களில் எறும்புப் புற்று, பல்லி முட்டை, பாசி, காய்ந்த இலை ஆகியவை அகற்றப்பட்டன. மூன்று பேட்டரிகள் மாற்றப்பட்டன. சோலார் தகடுகள் துடைக்கப்பட்டன. பதிவுப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் மணிகள் புதிதாக வைக்கப்பட்டன.

பாயா தெருபோங்கின் ஏப்ரல், மே மணிக்கணக்கு அளவுகளை அண்டை நிலையங்களின் எண்களைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்ற யோசனை கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. குழு அதை ஏற்கவில்லை. பெய்யாததைப் பெய்ததாக எழுதுவதும், பெய்ததை ஊகித்து எழுதுவதும் நமக்கு ஒன்றே. அந்த அளவுகள் அழிக்கப்படாமல், நம்பத்தகாதவை என்ற குறிப்புடன் பேரேட்டில் அப்படியே இருக்கும். பாலிக் புலாவில் இடம் மாறிய நாளும், தண்ணீர்மலையில் திருகு உயர்த்திய நாளும், தவறான குடுவையால் அளந்த நாட்களும் சிவப்பு மையில் குறிக்கப்பட்டுள்ளன.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. தண்ணீர்மலைக் கம்பத்தின் இடிதாங்கி நிலக்கம்பி அரித்துப்போயிருப்பதால், அதை மாற்றும் வேலை மட்டும் எஞ்சியுள்ளது. இடி மிகுந்த நம் ஊரில் அதைத் தள்ளிப்போட விரும்பாததால், உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அடுத்த சுற்று, மழை குறைந்த ஜனவரியில், தண்ணீர்மலையில் தைப்பூசப் பந்தல் வேலைகள் தொடங்குமுன் நடைபெறும். அதுவரை காலை எட்டு மணி அளவெடுப்பை முறைப்படி ஏற்றுள்ள குடும்பங்கள், ஊருக்குச் செல்ல நேர்ந்தால் குடுவையையும் பேரேட்டையும் முதல் நாளே செயலாளரிடம் சேர்ப்பித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழு