கோரிக்கை மனு: சிக்கிள் செல் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சியூரியா மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டுதல்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

அனுப்புநர்: பந்தலூர் வட்டத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி (பெயர், முகவரி தனித்தாளில்).

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பணியர் சமூகத்தைச் சேர்ந்தவன். என் மகளுக்கு ஆறு வயது, 17 கிலோ எடை. அவளுக்குச் சிக்கிள் செல் ரத்தசோகை இருக்கிறது. சிவப்பணு அரிவாள் போல வளைந்து மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்போது கை கால் எலும்பெல்லாம் வலிக்கும். ஆடி மாதக் குளிரும் மழையும் வந்தால் இன்னும் மோசம்.

ஹைட்ராக்சியூரியா தொடங்கிய பிறகுதான் அவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். குழந்தை கருவில் இருக்கும்போது அதன் ரத்தத்தில் ஓடும் ஒரு தனி வகை ஹீமோகுளோபின், பிறந்த சில மாதத்தில் குறைந்துவிடுமாம். அதை இந்த மருந்து திரும்பவும் கூட்டுகிறது, அதனால் அணுக்கள் வளைவது குறைகிறது என்று நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார். நோயை அடியோடு தீர்க்காது. பலன் தெரியவே சில மாதமாகும், விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

சிக்கல் இங்கேதான். கேப்சூல் 500 மில்லிகிராம், என் மகளுக்குத் தினமும் அவ்வளவு கூடாது. அதனால் ஒன்று விட்டு ஒரு நாள் கொடுக்கச் சொன்னார்கள். தூள் கையில் படக்கூடாது என்பதால் கேப்சூலைப் பிரித்துப் பாதியாக்கவும் முடியாது. எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் மருந்து கொடுக்கும் நாளுக்கு என் மனைவி சிவப்பு வட்டம் போடுவாள். போன ஜூலையில் 9-ஆம் தேதியோடு வட்டம் நின்றுவிட்டது. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். மூன்று வாரம் அதே பதில். மருந்துக்கு உதகை போகலாமென்றால் கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக 50 கிலோமீட்டர், கூடலூர் வரவே நாங்கள் இன்னொரு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

இந்த மருந்து வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் குறைக்கக்கூடும். அதனால் தொடக்கத்தில் சில வாரத்துக்கு ஒருமுறையும், அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். அதற்கும் மலையேறத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் அறியப்பட்டது 1952-இல், இதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 2023-இல் தேசிய ஒழிப்பு இயக்கமும் தொடங்கியாயிற்று. பரிசோதனை முகாம்கள் நடத்துவது நல்லதுதான். ஆனால் நோய் இருக்கிறது என்று சொன்ன பிறகு மாத்திரை இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது?

ஆகவே, பந்தலூர், கூடலூர் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து எப்போதும் இருப்பு இருக்கவும், மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு மாத மருந்தைச் சேர்த்துத் தரவும், ரத்த மாதிரியை இங்கேயே எடுத்து அனுப்பவும், குழந்தைகளுக்கு ஏற்ற குறைந்த அளவு மருந்தை வாங்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை மாதக் காலண்டர் தாள்களின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)