நோபலோடு முடியாத கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், செல்லுக்குள் இருந்துகொண்டு மரபணுக்களை அடக்கிவைக்கும் சின்னஞ்சிறு மூலக்கூறான மைக்ரோ ஆர்என்ஏ பற்றிய கட்டுரை படித்தேன். ஒரு மில்லிமீட்டர் புழுவில் 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் கண்டறிந்த சங்கதிக்கு 2024-இல் நோபல் கிடைத்த கதையை நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். நாற்பது ஆண்டு விலங்கியல் நடத்தியவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் கடைசிப் பத்தியில், புற்றுநோய்க்கு இனி ஓர் ஊசி போதும் என்கிற தொனி வந்துவிட்டது. அந்த ஊசியை ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்பது கட்டுரையில் இல்லை.

எம்ஆர்எக்ஸ்34 என்று அதற்குப் பெயர். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருந்த மிர்னா தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்தது. பல வகைப் புற்றுக் கட்டிகளில் மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ குறைந்துபோயிருக்கும். குறைந்ததை வெளியிலிருந்து கொடுத்தால் கட்டி அடங்கும் என்பது கணக்கு. அதன் நகலைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்து நரம்பில் ஏற்றினார்கள். 2013-இல் தொடங்கிய முதல் கட்டச் சோதனையில் 85 பேர், அவர்களில் கல்லீரல் புற்றுநோய்க்காரர்களும் உண்டு. மூன்று பேருக்குக் கட்டி சுருங்கியது. பக்கவிளைவைத் தடுக்க முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தும், நோய் எதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகக் கிளம்பி நான்கு பேர் இறந்துபோனார்கள். 2016 செப்டம்பரில் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களை அடக்கும் என்பதைக் கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருந்தார். சங்கடமும் அங்கேதான். கொழுப்புக் குமிழி கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று போகிற இடமெல்லாம் சரக்கை இறக்கும். வகுப்பில் ஒருவனை அதட்டினால் நல்ல பிள்ளைகளும் சேர்ந்து வாயடைத்துப் போவார்களே, அந்த மாதிரி.

முயற்சி அத்தோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் மிர்-16 நகலை, பாக்டீரியாவிலிருந்து எடுத்த நுண்பைகளில் வைத்து, கட்டியை அடையாளம் காணும் ஆன்டிபாடி என்ற புரதத்தை மேலே ஒட்டி அனுப்பினார்கள். கல்நார்த் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்க்கு. 2017-இல் முடிவு வெளியானது: அளந்து பார்த்த 22 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, 15 பேருக்கு வளராமல் நின்றது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த விலாசம் எழுதி அனுப்பும் வழிதான்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், என் மைத்துனருக்குக் கல்லீரலில் புற்றுநோய். உங்கள் பக்கத்தை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், "டாக்டர், இந்த ஊசி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். அப்படி ஒரு மருந்து புற்றுநோய்க்கு இன்னும் அனுமதி பெறவில்லை என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வீடு வரும்வரை மைத்துனர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நின்றுபோன அந்தச் சோதனையைப் பற்றி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். அதையும் அவர் வெட்டி வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்